குதிகால் வலிக்கு எலும்பின் மேல் பழி போடாதீர்கள்

என் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் குதிகால் வலி வந்தபோது முதலில் எடுத்தது எக்ஸ்ரே. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், குதிகால் எலும்பின் அடியில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த சின்ன முள் மாதிரியான ஒன்றைக் காட்டி, "எலும்பு வளர்ந்திருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அந்த முள் உள்ளே சதையைக் குத்துவதாகவே அம்மா நினைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து எடுத்தால்தான் தீரும், ஆபரேஷனோ வேண்டாம் என்று பயந்து, ஆறு மாதம் வேறெதுவும் செய்யாமல் வலி மாத்திரையிலேயே ஓட்டினார். அந்த ஆறு மாதம் வீணாகப் போனது என்று எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. ஏனென்றால் வலிக்குக் காரணம் அந்த முள் இல்லை.

இதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் முதலில் இந்த முள் கதையை முடித்துவிடலாம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். 1900இலேயே பிளெட்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் குதிகால் முள்ளைப் பற்றி எழுதிவிட்டார். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவது எலும்பு மட்டும்தான், நாரும் தசையும் நரம்பும் சரியாகத் தெரியாது. தெரிந்த ஒன்றின் மேல் பழி விழுந்தது, அது இன்றுவரை போகவில்லை. ஆனால் குதிகாலில் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும் பத்தில் ஒருவருக்காவது இந்த முள் இருக்கிறது. கடுமையான வலி உள்ள பலருக்கு முள்ளே இல்லை. வலி போன பிறகும் முள் அங்கேயேதான் இருக்கும். அம்மாவுக்கும் இன்றைக்கு எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியும், வலி மட்டும் இல்லை.

சரி, அப்படியானால் வலிப்பது எது? குதிகால் எலும்பின் அடியில், உள்பக்க ஓரத்திலிருந்து புறப்பட்டு ஐந்து விரல்களின் அடிவரை விசிறி மாதிரி விரியும் ஒரு கெட்டியான நார்ப் பட்டை இருக்கிறது. பிளான்டார் ஃபேஷியா என்பது அதன் பெயர். உள்ளங்காலின் வளைவைக் கீழிருந்து இழுத்துப் பிடித்து வைத்திருப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்கும் அந்த நேரத்தில், கயிற்றை உருளையில் சுற்றி வாளியை மேலே இழுப்பதுபோல, இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு வளைவை உயர்த்தி, பாதத்தை விறைப்பாக்கித் தரும். 1954இல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கி எழுதினார். நீங்களே பார்க்கலாம்: உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலைக் கையால் மேலே மடக்குங்கள், உள்ளங்காலின் உள்பக்கம் ஒரு கம்பி மாதிரி விறைத்து எழும்.

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபடுகிற பட்டை, எலும்போடு ஒட்டியிருக்கிற அந்த ஒரு இடத்தில்தான் பழுதாகிறது. டாக்டர் சீட்டில் 'பிளான்டார் ஃபேஷியைட்டிஸ்' என்று இருக்கும். பெயரின் கடைசித் துண்டு அழற்சி என்று சொல்கிறது, அதாவது சிவந்து வீங்குகிற சமாச்சாரம். ஆனால் 2003இல் லெமான்ட் என்பவரும் உடன் இருந்தவர்களும் ஐம்பது பேருக்கு அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சிக்கான அடையாளம் இல்லை. இருந்தது சிதைவு. பழைய தாம்புக் கயிறு நார் நாராகப் பிரிந்து, சில இடத்தில் தடித்து, சில இடத்தில் இற்றுப்போய் இருக்குமே, அந்த மாதிரி. நீண்ட நாள் வலிக்கு இதுதான் அடிப்படை. இதைப் புரிந்துகொண்டால் வைத்தியத்தில் பாதி புரிந்துவிடும், ஏனென்றால் அழற்சியை அடக்கும் மாத்திரை வலியை மட்டுப்படுத்தும், இற்றுப்போன நாரைத் திரும்பப் பின்னித் தராது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி உயிர் போகிற மாதிரி இருப்பதும் இதனால்தான். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீண்டு கிடக்கும், கெண்டைக்காலும் உள்ளங்கால் பட்டையும் சுருங்கிய நிலையிலேயே இரவு முழுக்க இருக்கும். எழுந்து நின்றதும் மொத்த உடம்பின் பாரமும் ஒரே இழுப்பாக அதன்மேல் விழுகிறது. பத்து அடி, இருபது அடி நடந்த பிறகு கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், வலி குறையும், அப்புறம் மாலை ஆக ஆகத் திரும்ப ஏறும். ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போதும் அதே முதல் அடி வலிதான்.

யாருக்கு வரும்? பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் என்கிறார்கள், நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம். கெண்டைக்கால் தசை இறுகிப்போய், கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாதவர்கள், உடல் எடை கூடியவர்கள், நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் என மூன்று கூட்டத்துக்கும் ஆபத்து அதிகம். இவற்றோடு இன்னொன்றையும் சேர்ப்பேன், அதை நம் ஊரில் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்: திடீரென்று நடக்க ஆரம்பிப்பது. சுகர் என்று ரிப்போர்ட் வந்ததும் அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போனவர், மறுநாளிலிருந்து தினமும் ஐந்து கிலோமீட்டர் வேகநடை, அதுவும் தேய்ந்த ரப்பர் செருப்போடு. ஒரு மாதத்தில் குதிகால் பிடித்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு தார் ரோட்டில் முடித்துவிட்டு மறுநாள் காலையில் நிற்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். நடப்பதும் தப்பில்லை, வெறுங்காலும் தப்பில்லை. பழகாத நாருக்கு ஒரே நாளில் அவ்வளவு பாரம் கொடுத்ததுதான் பிரச்சினை. அப்புறம் வீட்டுத் தரை. கிரானைட்டும் டைல்ஸும் போட்ட வீட்டில் காலை ஐந்து மணியிலிருந்து வெறுங்காலோடு சமையலறையில் நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! வீட்டுக்குள் செருப்பு போடக்கூடாது என்ற பழக்கம் எனக்கும் பிடித்ததுதான், ஆனால் வாசலைத் தாண்டாத ஒரு ஜோடியை உள்ளேயே வைத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. அம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

குதிகால் வலி என்றாலே இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த இடத்தில் வலிக்கிறது, எந்த நேரத்தில் வலிக்கிறது என்ற இரண்டு கேள்வியிலேயே நல்ல டாக்டர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். குதிகாலுக்கு அடியில், உள்பக்கமாக, சற்று முன்தள்ளி ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தினால் துள்ளுகிறீர்களா, காலை முதல் அடி வலிக்கிறதா, அப்படியானால் பெரும்பாலும் மேலே சொன்ன பட்டைதான். அதற்கு ஸ்கேன்கூடத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் பட்டையின் தடிமனைப் பார்ப்பார்கள், 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வலி நட்டநடுவில், காலையில் பெரிதாக இல்லாமல், கடினமான தரையில் நடக்க நடக்கக் கூடினால், அது குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்ததாக இருக்கலாம். வயதானவர்களுக்கும், குதிகாலில் பலமுறை ஸ்டெராய்டு ஊசி போட்டவர்களுக்கும் வரும். வலி அடியில் இல்லாமல் பின்பக்கம், செருப்பு வார் உரசுகிற இடத்தில் இருந்தால் அது வேறு சங்கதி, கெண்டைக்காலிலிருந்து இறங்கி வருகிற அக்கிலிஸ் தசைநார். எரிச்சலும் மரத்துப்போவதும் ஷாக் அடிப்பதும் இருந்தால் நரம்பு எங்கோ நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் வைத்து அமுக்கும்போது வலி உயிர் போனால், அதுவும் சமீபத்தில் ஓட ஆரம்பித்தவர் என்றால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், இந்த இடத்தில் நீட்டல் பயிற்சி செய்து கெடுத்துக்கொள்ளக்கூடாது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும், நன்றாக விளையாடுகிற பிள்ளை குதிகாலைப் பிடித்துக்கொண்டு நொண்டினால் பெரும்பாலும் வளரும் எலும்பின் நுனியில் வருகிற வலி. பாஸ்டனில் இருந்த செவர் என்ற மருத்துவர் 1912இல் எழுதியதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். எலும்பு முழுதாக வளர்ந்து முடிந்ததும் தானே போய்விடும், அதுவரை விளையாட்டைக் குறைத்தால் போதும், பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இரண்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, இருபது முப்பது வயதுள்ள ஒருவருக்கு இரண்டு குதிகாலும் மாதக்கணக்கில் வலிக்கிறது, கூடவே காலையில் இடுப்பு விறைத்துப்போய் அரை மணி நேரத்துக்கு மேல் நிமிர முடியவில்லை, நடந்தால் சரியாகிறது, உட்கார்ந்தால் கூடுகிறது என்றால், அது காலின் பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். முதுகெலும்பைத் தாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாத நோய் குதிகாலிலும் தலைகாட்டும். சோரியாசிஸ் உள்ளவர்களுக்கும் அப்படி வரலாம். செருப்பை மாற்றிக்கொண்டே வருஷக்கணக்கில் இழுத்தடிக்காமல் மூட்டு வாத நிபுணரிடம் போக வேண்டும். இரண்டாவது, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதோ சாப்பிட்ட சில வாரங்களிலோ குதிகாலின் பின்பக்கம் வலி வந்தால் உடனே மருந்து எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகள் அங்கிருக்கும் அக்கிலிஸ் தசைநாரை அறுந்துபோகும் அளவுக்குப் பலவீனமாக்கலாம், அமெரிக்காவில் 2008இலேயே இதற்கான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டி அச்சிட வைத்தார்கள். நம் ஊரில் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் இதை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

யூரிக் ஆசிட் பற்றியும் கேட்பீர்கள். குதிகால் வலி என்றாலே அந்த டெஸ்ட் எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. யூரிக் ஆசிட் வலி பொதுவாகக் கட்டைவிரல் மூட்டில், ஒரே இரவில், சிவந்து சூடாகி வீங்கி வரும், போர்வை பட்டாலே தாங்காது. மாதக்கணக்கில் காலை முதல் அடி மட்டும் வலிப்பவருக்கு ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக மீனையும் பருப்பையும் நிறுத்துவதால் குதிகால் சரியாகிவிடாது.

இனி வைத்தியம். நல்ல செய்தி, பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடுகிறது. கெட்ட செய்தியும் அதிலேயே இருக்கிறது, அது வாரத்தில் முடிகிற வேலை இல்லை. பத்து நாள் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டவர்கள்தான் அதிகம், நான்காவது வாரத்தில் அம்மாவும் விடப் பார்த்தார்.

முதலில் உள்ளங்கால் நீட்டல். 2003இல் அமெரிக்காவில் டிஜியோவானி குழுவினர் நூறு பேர் அளவில் வைத்து இதைச் சோதித்தார்கள். வெறும் கெண்டைக்காலை நீட்டியவர்களைவிட உள்ளங்கால் பட்டையைக் குறிவைத்து நீட்டியவர்களுக்கு, முக்கியமாக காலை முதல் அடி வலி, நன்றாகக் குறைந்தது. செய்முறை எளிது. உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடையின் மேல் வையுங்கள். விரல்களை அடியோடு பிடித்து, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பை நோக்கி மடக்கி இழுங்கள், மறு கையால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் பட்டை கம்பியாக விறைத்திருக்க வேண்டும். பத்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதில் முதல் வேளையை மட்டும் தவறவிடக்கூடாது: காலையில் கண் விழித்ததும், தரையில் காலை வைப்பதற்கு முன்பே, கட்டிலிலோ பாயிலோ உட்கார்ந்தபடியே செய்ய வேண்டும். நடந்துவிட்டு வந்து செய்தால் அன்றைய முதல் இழுப்பு ஏற்கெனவே நாரைக் கிழித்திருக்கும். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நீட்டுவது மட்டும் போதாது, பாரம் தாங்கும்படி நாரைப் பலப்படுத்தவும் வேண்டும். டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் நாற்பத்தெட்டு பேரை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்கு மாடிப்படியும் ஒரு துண்டும் இருந்தால் போதும். துண்டைச் சுருட்டிப் படி விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கியிருக்கும்படி நின்று, குதிகாலை மூன்று விநாடியில் மெதுவாக உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டு முறை சுலபமாகிவிட்டால் முதுகுப் பையில் புத்தகம் போட்டு எடையைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மூன்று மாதத்தில் இவர்கள் நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட முந்திக்கொண்டார்கள், ஒரு வருஷத்தில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தன. ஆக, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு இது உதவும். வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் இரண்டு காலாலும் செய்யுங்கள், முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பாட்டி வைத்தியமாகச் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலையைப் போட்டுக் குதிகாலை வைத்து அழுத்துவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. சூடு படும்போது இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சுகர் உள்ளவர்கள் தயவுசெய்து இதைத் தொட வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்துபோவதே தெரியாது, குதிகாலில் ஒரு சூட்டுக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, காலையே எடுக்க வேண்டிய நிலைவரை கொண்டுபோய்விடும். எருக்கம்பால் கண்ணில் பட்டாலும் பார்வையைப் பாதிக்கும். ஐஸ் வாட்டர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவதும் இதம்தான், குணம் இல்லை. மாத்திரையும் அப்படியே, சில நாள் சரி, மாதக்கணக்கில் என்றால் வயிறும் கிட்னியும் கெடும்.

ஸ்டெராய்டு ஊசியைப் பற்றி நிறைய ஆசையும் நிறைய பயமும் இருக்கிறது. மெல்போர்னில் 82 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரையும் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே போட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள்: நான்கு வாரம்வரை வலி குறைந்தது, அதற்குப் பிறகு உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே தாங்கவே முடியாத வலியில், பயிற்சியை ஆரம்பிக்கவாவது முடியட்டும் என்று ஒரு ஊசி போடுவதில் நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம், கொழுப்பு மெத்தையும் கரையலாம், கரைந்ததைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் ஷாக்வேவ், சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி எல்லாம் பல மாதம் பயிற்சி செய்தும் கேட்காதவர்களுக்கு. அறுவை சிகிச்சை அதற்கும் பிறகு, மிகச் சிலருக்கு.

செருப்புக்கு வருவோம். கடையில் 'எம்சிஆர் செருப்பு' அல்லது 'டாக்டர் செருப்பு' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த மெத்தென்ற ரப்பருக்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் என்ற மருத்துவரும், வேலூரிலும் பக்கத்திலிருக்கும் கரிகிரியிலும் அவரோடு வேலை செய்தவர்களும், உணர்ச்சி இழந்த தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வராமல் இருக்க, பாரத்தைப் பரவலாக ஏந்தும் நுண்துளை ரப்பரைச் செருப்புக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் தொடப் பயந்த கால்களுக்காகச் செய்த செருப்பைத்தான் இன்று நாமெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறோம். கொழுப்பு மெத்தை தேய்ந்தவருக்கும் சுகர்காரருக்கும் இது நல்லது. ஆனால் பட்டை வலிக்கு மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமும் உள்வளைவைத் தாங்கும் மேடும் வேண்டும். தட்டையாகிப்போன ஜோடியை மாற்றிவிடுங்கள், பார்க்கப் புதிதாக இருந்தாலும். ஷூவுக்குள் வைக்கும் தாங்கிகளில் அளவெடுத்துச் செய்கிற விலையுயர்ந்ததும் ரெடிமேடும் ஆய்வுகளில் பெரிதாக வேறுபடவில்லை, அதனால் முதலில் ரெடிமேடையே வாங்கிப் பாருங்கள்.

இவ்வளவையும் எழுதும்போது என் மனதில் இருப்பது 'கொஞ்ச நாள் நிற்காதீங்க' என்று டாக்டர் சொன்னதும் பதில் சொல்ல முடியாமல் எழுந்து வருகிறவர்கள். ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் உட்காரும் பெண்கள், பரோட்டா மாஸ்டர்கள், நர்சுகள், டிராஃபிக் போலீஸ்காரர்கள். நார் பழுதாவது நின்றுகொண்டே இருப்பதால் என்றால், அதற்கு மருந்து மருத்துவமனையில் மட்டும் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளாவில் அதற்கு முன்பே 2018இல் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது என்பதே தெரியாமல் இன்னும் நின்றுகொண்டிருப்பவர்களிடம் யாராவது அதைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கடையில் நீங்கள் வேலை செய்பவராக இருந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலைத் தொடைமேல் தூக்கி வைத்து அந்தப் பத்து விநாடி நீட்டலைச் செய்துவிடுங்கள், சாயங்காலம் டீ நேரத்தில் இன்னொரு முறை. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒரு ஸ்டூல் மட்டும் வேண்டும், அது உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது.